ஒட்டுத் தெரியாத அம்மா

அதை நம்பாதீங்க அக்கா. உங்க போன்ல ஓடுதுல்ல, அதைத்தான் சொல்லுதேன். எட்டிப் பாக்கணும்னு பாக்கல. பக்கத்துல உக்காந்திருக்கேன், கண்ணுல படுது. அம்மன் சிலை கண்ணு தெறக்குற மாதிரி வருதுல்ல, இன்னொரு தடவ போடுங்க. இமை அசையுதா, அது மேல விளக்கு வெளிச்சம் விழுதான்னு பாருங்க. மூக்குத்தியில விழுது, கன்னத்துல விழுது, இமையில மட்டும் விழல. எவளோ ஒரு பொம்பளப்புள்ளையோட இமைய எவனோ வெட்டிச் சிலை மேல ஒட்டியிருக்கான். நான் சாமியச் சொல்லல. வீடியோவச் சொல்லுதேன்.

நம்ம தொழிலே அதுதான். வெட்டுறது, ஒட்டுறது. கல்யாண வீடியோவுல ஆரம்பிச்சு, பொறவு மதுரையில விளம்பரப் படம், சீரியல்னு போயிட்டேன். பேரு குருவையா. உள்ள எங்கப்பா இருக்காரு. பக்கவாதம். அந்தப் பயிற்சி குடுக்குற தம்பி கை கால நீட்டி மடக்கி விடுதாரு. கதவச் சாத்திட்டுத்தான் செய்தாரு. ஏன் சாத்தணும்னு கேட்டேன், ஏசி இருக்குன்னாரு. இருக்கட்டும். நீங்க மாமியாரக் கூட்டிட்டு வந்திருக்கீகளா? எங்கப்பாவுக்கு அடுத்து அவுகதான். நேரம் கெடக்கு.

என்ன எல்லாரும் சந்தேகப் பிராணின்னு சொல்லுவாக. என் தங்கச்சி செண்பகம் அதை வேற மாதிரி சொல்லுவா. "அண்ணே, உனக்குச் சோறு போட்டா மொதல்ல சோத்தத் தள்ளிட்டு தட்டப் பாப்ப." சொல்லிட்டுப் போறா. முப்பது வருசமா ஊர ஏமாத்துற வேலையப் பாத்தவனுக்குத்தான ஊரு எப்படி ஏமாத்தும்னு தெரியும்.

மொதல்ல நான் தொழிலுக்கு வந்தப்ப கம்ப்யூட்டர் கெடையாது. மிக்ஸிங்னு சொல்லுவோம். ரெண்டு வீடியோ டெக்கு, நடுவுல ஒரு மிக்ஸர். இதுல ஓட்டி அதுல பதியணும். வெட்டுன எடத்துல படம் ஒரு குலுக்குக் குலுக்கும், கோடு விழும். பாக்குற கெழவிக்குக் கூடத் தெரியும், இங்க என்னமோ வெட்டிட்டான்னு. சாப்பாட்டுப் பந்தியில சம்பந்தி சண்டை போட்டத வெட்டி எடுத்துட்டோம்னா, அந்தக் குலுக்கலப் பாத்தே, "இங்கதான மாமா எலைய மடக்கிட்டு எந்திரிச்சாரு" ன்னு சிரிப்பாக. அது நேர்மையான காலம் அக்கா. பொய்யி சொன்னா பொய்யி சொன்னேன்னு டேப்பே காட்டிக் குடுத்துரும்.

பொறவு கம்ப்யூட்டர் வந்துச்சு. சாஃப்ட்வேரு வந்துச்சு. வெட்டுனா குலுக்கல் இல்ல. படத்துக்கு மேல படம் அடுக்கலாம், கண்ணாடி மேல கண்ணாடி வச்ச மாதிரி. லேயர்னு பேரு. நீலத்துணிக்கு முன்னால ஒருத்தர நிக்க வச்சு எடுத்தா, துணியத் தொடச்சுட்டு அவர ஊட்டியில நிக்க வைக்கலாம். எல்லாரும் ஆகா ஓகோன்னாக. நான் மட்டும் என்ன நெனச்சேன்னா, ஒவ்வொரு புது வெர்ஷனும் ஒரே ஒரு வேலைக்குத்தான் வருது. ஒட்டுன எடத்த மறைக்குறதுக்கு. அதுக்கு முந்துன வெர்ஷன்ல ஓரம் தெரியும், அடுத்ததுல தெரியாது. அதுக்கு அடுத்ததுல நிழலும் தானா விழும். இப்ப வந்திருக்குறதுல ஆளச் சுத்திக் கோடு கூடப் போட வேண்டாம், ஒரு அமுக்கு அமுக்குனா அதுவே ஆள வேற, செவத்த வேறன்னு பிரிச்சுருது. குரலும் செய்யுதாம். யாரு குரலக் குடுத்தாலும் அதே குரல்ல பேசுதாம்.

சரி, எங்கப்பா கதைக்கு வாரேன்.

எங்கம்மா செண்பகத்துக்குக் கல்யாணம் பேசுறதுக்கு முன்னாலயே போயிட்டா. மஞ்சக்காமாலை. கல்யாணம் கழுகுமலையில நடந்துச்சு. நான்தான் வீடியோ, நான்தான் எடிட்டிங். அப்பத்தான் லேயர் சாஃப்ட்வேரு கையில வந்திருந்துச்சு. எங்க சித்தி மக கல்யாணத்துப் பழைய கேசட் ஒண்ணு வீட்டுல கெடந்துச்சு. அதுல எங்கம்மா கூட்டத்துல நிப்பா, சிரிச்சுக்கிட்டே அட்சதை போடுவா. சின்னத் துண்டுதான். அவள அதுலருந்து எடுத்து, செண்பகம் கல்யாணத்துல எங்கப்பாவுக்குப் பக்கத்துல நிக்க வைக்கலாம்னு எனக்குத் தோணிருச்சு.

ஒரு மாசம் அக்கா. ஒவ்வொரு படமா நிறுத்தி, அவளச் சுத்திச் சுத்திக் கோடு போட்டு வெட்டுனேன். கொண்டை, காது, வளையல், சேல முந்தி. எங்கம்மா மொகத்த உசுரோட இருந்தப்போ அவ்வளவு கிட்டத்துல நான் பாத்ததில்ல. கடைசியில வந்துச்சு. செண்பகம் கழுத்துல தாலி ஏறுது, எங்கப்பா அட்சதை போடுதாரு, பக்கத்துல எங்கம்மாவும் சிரிச்சுக்கிட்டே போடுதா.

சொந்தக்காரங்க எல்லாரும் வீட்டுல உக்காந்து பாத்தோம். அந்த எடம் வந்ததும் செண்பகம் வாயில துணிய வச்சு அழுதா. எங்க அத்தைமாரெல்லாம் அழுதாக. எங்கப்பா எந்திரிச்சுப் போயி டீவிய அணைச்சாரு. என்கிட்ட வந்து மெதுவாத்தான் கேட்டாரு. "அவளச் சுடுகாட்டுல வச்சுட்டு வந்தவன் நான். எழுப்பிக் கூட்டிட்டு வாறதுக்கு நீ யாருடா?"

அதோட சரி. அவரு என்கிட்ட பேசல, நானும் வீட்டுக்குப் போகல.

எனக்கு ஏன்னு தெரியும் அக்கா. அந்தக் காலத்து சாஃப்ட்வேருக்கு ஓரம் சரியா வராது. அம்மாவோட சேல ஓரத்துல ஒரு நெளிவு இருந்துச்சு, மின்மினி மாதிரி துடிச்சுக்கிட்டே இருக்கும். நிழலும் இல்ல. தரையில காலு பதியாத மாதிரி இருந்துச்சு. எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல போர்மேனா இருந்த ஆளு. ஒரு குச்சி கோணலா இருந்தாக் கட்டு முழுசையும் தூக்கி எறிவாரு. அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. செண்பகம் இல்லன்னுதான் சொல்லுவா. "நீ ஓரத்தப் பேசுத, அவரு அம்மாவப் பேசுதாரு" ம்பா. அவளுக்குத் தொழில் தெரியாது.

அதனால நான் என்ன செஞ்சேன்னா, ஒவ்வொரு புது வெர்ஷன் வந்ததும் மொத வேலையா அந்தத் துண்டத்தான் தெறப்பேன். ஓரம் சரியாச்சு. பொறவு வெளிச்சம் சரியாச்சு, மண்டபத்து டியூப்லைட் அம்மா மொகத்துலயும் விழுந்துச்சு. நிழல் வந்துச்சு. பழைய கேசட்டுல மங்கலா இருந்த மொகத்தத் தெளிவாக்குற வசதி வந்துச்சு, அதையும் செஞ்சேன். கண்ணு, பல்லு எல்லாம் பளிச்சுன்னு ஆயிருச்சு. ஒவ்வொரு தடவயும் சிடி தட்டுல பதிஞ்சு செண்பகத்துக்கு அனுப்புவேன். கடைசியா அனுப்புனதப் பாத்தா ஒட்டுன்னு எவனும் சொல்ல முடியாது. எங்கம்மா நெசமாவே அங்க நின்னுருக்கான்னுதான் சொல்லுவாக. அப்பா பாத்தாரான்னு கேப்பேன். "தட்டு வாங்கி வச்சிருக்கேன்ணே" ம்பா, அவ்வளவுதான்.

போன வருசம் கோடையில செண்பகம் போன் போட்டா. அவ மக ஆளாயிட்டா, சடங்கு வச்சிருக்கோம், தாய்மாமன் நீதான் வந்து சீர் செய்யணும்னா. அப்பா இருக்குற வீட்டுக்கு எப்படி வாறதுன்னேன். "அப்பாவுக்கு மேலுக்கு முடியலண்ணே, நீ வா" ன்னா. சடங்குக்குக் கூப்பிடுறவ எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. பாக்கலாம்னு வச்சுட்டேன்.

ரெண்டு நாளு கழிச்சு ஒரு வீடியோ அனுப்புதா. எங்கப்பா கட்டில்ல உக்காந்து பேசுதாரு. என்கிட்ட.

"குருவையா, அப்பா பேசுதேன், உங்கம்மா வாற படம் மொதல்ல செஞ்சயில்ல அதுதான் நல்லாருக்கு, பொறவு அனுப்புனதுல அவ வேற யாரோ பொம்பள மாதிரி இருக்கா, பழைய தட்டு போட்டுப் போட்டுத் தேஞ்சு ஓட மாட்டேங்குது, நீ வரும்போது அதக் கொண்டா."

அவ்வளவுதான். போன்ல பாத்தேன். பொறவு கம்ப்யூட்டர்ல ஏத்திப் பெருசாக்கிப் பாத்தேன். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு அக்கா, இது செஞ்சது.

எப்படிங்கீகளா? வாய்க்கும் குரலுக்கும் பொருந்தல. வலது பக்க ஒதடு அசையுது, இடது பக்கம் சும்மா கெடக்கு. வாய மட்டும் வேற எடத்துலருந்து எடுத்து ஒட்டுனா இப்படித்தான் ஒரு பக்கம் செத்துக் கெடக்கும். குரலு குழறுது, குரல் செய்யுற சாஃப்ட்வேருக்குத் தமிழ் இன்னும் சரியா வராது. அப்புறம் மூச்சு. அவ்வளவு நீளத்துக்குப் பேசுதாரு, நடுவுல ஒரு தடவ கூட மூச்சு வாங்கல. மனுசன் மூச்சு விடாம பேசுவானா? மிசினுதான் பேசும். எல்லாத்துக்கும் மேல, அவரு சொன்னது. மொதல்ல செஞ்சதுதான் நல்லாருக்காம். ஓரம் நெளியுது, நிழல் இல்ல, கால் தரையில பதியல, அது நல்லாருக்காம். கோணக் குச்சியத் தூக்கி எறிஞ்ச மனுசன் அப்படிச் சொல்லுவாரா? அவரு இருவது வருசமா என் பேரச் சொன்னதில்ல. மொத வார்த்தையே குருவையாங்காரு.

யாரு செஞ்சிருப்பாங்கிறதும் தெரிஞ்சுபோச்சு. செண்பகம் மாப்பிள்ள சண்முகவேல், கழுகுமலையில ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு. கம்ப்யூட்டர் தெரியும். தாய்மாமன் இல்லாம சடங்கு வச்சா அவுக சொந்தத்துல அசிங்கம். அதுக்காக எங்கப்பா வாயில இதப் போட்டுருக்காக.

அன்னையிலருந்து வேற வேலை ஓடல. படம் படமா நிறுத்திப் பாத்தேன். காது மடல் ஓரம், கழுத்து ஓரம், தாடிமயிர் ஒவ்வொண்ணா. ஒட்டு சிக்கல. எங்கயுமே சிக்கல. அப்பத்தான் எனக்கு ரொம்பப் பயமாப் போச்சு. ஒட்டே இல்லன்னா எவ்வளவு பெரிய வேலைக்காரன் செஞ்சிருக்கணும். சண்முகவேலுக்கு அவ்வளவு வராதே, மதுரையில யாருகிட்டயாவது குடுத்துருக்காகளோன்னு யோசிச்சேன்.

என்கூட ஜெபசிங்னு ஒருத்தன் வேலை பாக்கான். ஒட்டு வேலையில கெட்டிக்காரன். அவன்கிட்ட காட்டுனேன், எதுவும் சொல்லாம. ஒரே ஒரு தடவதான் பாத்தான்.

"அண்ணே, இதுல ஒட்டு இல்ல. அப்பாவுக்கு வாய் கோணியிருக்கு. பக்கவாதம்ணே. எங்க மாமாவுக்கு இதே மாதிரிதான் இழுத்துச்சு. கெளம்பி ஊருக்குப் போங்க."

"ஒனக்கு யாராவது போன் போட்டாகளா?" ன்னு கேட்டேன்.

அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். "ஒங்க தங்கச்சி போட்டாக. நீங்க எடுக்க மாட்டேங்கீகன்னு அழுதாக."

பாத்தீகளா. அவனையும் பேசி வச்சுட்டாக. பொறவு எப்படி நான் நம்புவேன்?

சடங்கு நாளும் வந்துச்சு. நான் போகல. சண்முகவேலோட ஒண்ணுவிட்ட மச்சினன் யாரோ தாய்மாமன் எடத்துல நின்னானாம். அது போகட்டும். ஆனா எனக்கு அந்த வீடியோ மட்டும் விடல. போன்ல வந்தது இருக்கே, அது அனுப்பும்போதே சுருங்கிரும், தெளிவு போயிரும். அத வச்சுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எடுத்த போன்ல இருக்குற ஒரிஜினல் வேணும். சரி, நேர்ல போயி அதை வாங்கிருவோம், அவுக மொகத்துக்கு நேராப் போட்டுக் காட்டி, இதுதான் ஒட்டுன்னு சொல்லிட்டு வந்துருவோம்னு கெளம்புனேன். அதுக்குத்தான் போனேன் அக்கா. வேற எதுக்கும் இல்ல.

பழைய தட்டையும் ஒரு காப்பி போட்டு எடுத்துட்டுப் போனேன். அது சும்மா கெடக்கட்டும்னு. அதுவும் லேசுல கெடைக்கல. பழைய சாஃப்ட்வேருல செஞ்சதப் புது சாஃப்ட்வேரு தெறக்க மாட்டேன்னுருச்சு. இவ்வளவு பெரிய வித்தையெல்லாம் செய்யுது, தன் தாத்தன் எழுதுனதப் படிக்கத் தெரியல. பரண்ல கெடந்த பழைய கம்ப்யூட்டர எறக்கி, தூசி தட்டி, ஜெபசிங்தான் என்னமோ செஞ்சு எடுத்துக் குடுத்தான்.

வீட்டுக்குள்ள போறேன். எங்கப்பா கட்டில்ல படுத்திருக்காரு. எலும்பும் தோலுமா. இடது பக்கம் மொகம் எறங்கிக் கெடக்கு. என்னப் பாத்தாரு. வாயத் தெறந்தாரு, சத்தம் வரல. சடங்குக்கு மறுநாளு ரெண்டாவது தடவயா இழுத்து, பேச்சு நின்னுபோச்சாம். செண்பகம் என்னத் திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. "சாப்பிட்டியாண்ணே" ன்னு மட்டும் கேட்டா.

"ஒரிஜினல் வேணும்" னேன்.

அவ போனத் தூக்கிக் குடுத்தா.

அதுல ஒண்ணு இல்ல அக்கா. ஏழெட்டு இருக்கு. எல்லாம் ஒரே நாளு எடுத்தது. மொதல்ல எடுத்ததுல "கு... கு..." ன்னு நின்னுபோறாரு. இன்னொண்ணுல பாதி வந்து எச்சி வழியுது, செண்பகம் கை வந்து தொடைக்குது. இன்னொண்ணுல இருமல். ஒண்ணுல பேசி முடிச்சுட்டாரு, ஆனா நடுவுல நின்னு நின்னு பேசுதாரு. செண்பகம் குரல் கேக்குது, "போதும்ப்பா, இதையே அனுப்பிருதேன்." அவரு கையாட்டி வேண்டாங்காரு. திக்கித் திக்கிச் சொல்லுதாரு. "நடுவுல நின்னா வெட்டுனதுன்னு சொல்லுவான். அவன் வெட்டுன எடத்தத்தான் தேடுவான். மூச்சு விடாம சொல்லிருதேன். எடு."

அதுக்கு அடுத்துதான் எனக்கு வந்தது.

நான் செண்பகத்தப் பாத்துச் சொன்னேன். "நான் சொன்னேன்ல, ஒரே தடவயில எடுத்தது இல்ல. பல தடவ எடுத்து, நல்லத மட்டும் பொறுக்கி அனுப்பியிருக்க. அதுவும் எடிட்டிங்தான்."

அவ "ஆமாண்ணே" ன்னுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. அங்க ரொம்ப நேரம் குழாய்த் தண்ணி ஓடுச்சு.

நான் சொன்னது தப்பா அக்கா? நீங்களே சொல்லுங்க. தொழில்படி பாத்தா சரிதான.

அப்புறம் மதுரைக்குப் போகல. போகாம இருக்கணும்னு இருக்கல. இன்னும் கொஞ்சம் சரிபாக்க வேண்டியிருந்துச்சு. கம்ப்யூட்டர இங்கயே கொண்டாந்துட்டேன், வேலைய இங்கருந்தே பாக்கேன். சண்முகவேல் ஜெராக்ஸ் கடையில ஒரு மூலை குடுத்தாரு. எதுக்குக் குடுத்தாருன்னு தெரியல, பாத்துக்கிட்டுதான் இருக்கேன். காலையில அப்பாவுக்குப் பல்லு தேச்சு, கஞ்சி குடுத்து, பழைய படத்தப் போட்டுவிடுதேன். அம்மா ஓரமெல்லாம் நெளிய வாரா. எனக்குப் பாக்கவே கூசுது. அவரு கண்ணு எடுக்காமப் பாக்காரு. நடுவுல ஒரு நாளு, சோதிச்சுப் பாப்போம்னு கடைசியாச் செஞ்ச நல்லதப் போட்டேன். மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. கழுத்து வலியாவும் இருக்கலாம்.

பாத்து முடிச்சதும் ஒரு வேலை வச்சிருக்கேன். அவரு எடது கையப் பிடிச்சுக்கிட்டுக் கேப்பேன். "அப்பா, இதுதான் நல்லாருக்குன்னு நீங்களாத்தான் சொன்னீகளா? சொன்னீகன்னா என் கைய அமுக்குங்க." அமுக்குவாரு. நல்லா அழுத்தியே அமுக்குவாரு. ஆனா உள்ள இருக்காரே அந்தத் தம்பி, அவரு சொல்லுதாரு, வாதம் வந்த கை தானாவே இறுகுமாம், அவரு நெனச்சுத்தான் அமுக்குதாருன்னு சொல்ல முடியாதாம். அப்போ எத நம்புறது? அதனால மறுநாளும் கேக்கேன்.

என்ன? நல்லா இருக்குற வலது கையப் பிடிச்சுக் கேக்கலாம்லங்கீகளா?

இதத்தான் செண்பகமும் சொன்னா. வார்த்தை மாறாம இதையே. உங்களுக்கு எந்த ஊருன்னு சொன்னீக? கழுகுமலைப் பக்கம் சொந்தம் யாரும் உண்டா? இல்ல, சும்மா கேட்டேன்.

கதவத் தெறந்துட்டாக. இந்தா வாரேன் தம்பி, அவரு செருப்ப மாட்டிவிடணும்.

அக்கா, நீங்க சொன்னதுக்குப் பதில் சொல்லல நான். அந்த வலது கையப் பிடிச்சுக் கேட்டு, அவரு அமுக்கலன்னா?